இறங்குதா, இறங்கலையா?

(எபிசோடில் பேசியதை, வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் தந்திருக்கிறோம்.)

பஸ்ல, மெட்ரோவுல, சமையல் பண்ணிக்கிட்டே கேட்கிறவங்க எல்லாரும் ஒரு நிமிஷம் ஒரு காரியம் பண்ணுங்க. ரெண்டு விரலை எடுத்து தொண்டையில, அந்தக் குரல்வளை மேடு இருக்குல்ல, அது மேல லேசா வையுங்க. இப்ப எச்சிலை விழுங்குங்க.

ஏறி இறங்குச்சா? அவ்வளவுதான். ஒரு விநாடி வேலை. அந்த ஒரு விநாடிக்குள்ள நாக்கு பின்னால தள்ளுது, மூக்குக்குப் போற வழி அடைபடுது, மூச்சு நிக்குது, குரல்நாண் ரெண்டும் ஒட்டிக்குது, அதுக்கு மேல ஒரு மூடி கவிழுது, உணவுக்குழாயோட வாய் திறக்குது. முப்பது சொச்சம் தசைகள் வரிசை தப்பாம வேலை செய்யணும். நாம பாட்டுக்கு அரட்டை அடிச்சுக்கிட்டே பிரியாணி சாப்பிடுறோம்.

எப்பவாவது வரிசை தப்பும். அதுக்கு நம்மகிட்ட நல்ல பேர் ஒன்னு இருக்கு, புரையேறுறது. புரையேறினா யாரோ நினைக்கிறாங்கன்னு சொல்லி உச்சந்தலையில தட்டுவாங்க. தட்டுறதால ஒன்னும் ஆகாது, நினைக்கிறவங்களாலயும் ஒன்னும் ஆகாது. காப்பாத்துறது அந்த இருமல்தான். மூச்சுக்குழாய்க்குள்ள வரக்கூடாதது வந்துச்சுன்னா உடம்பு அதை வெளியே தள்ளுது. இன்னைக்கு நான் பேசப்போறது புரையேறியும் இருமாதவங்களைப் பத்தி.

நான் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட். சென்னையில வேலை. என் வேலையைச் சொன்னா பேச்சு வராத குழந்தைகளைத்தான் எல்லாரும் நினைப்பாங்க. ஆனா என் நாள்ல பாதி விழுங்க முடியாதவங்களோடதான் போகுது. பேசுறதுக்கும் விழுங்குறதுக்கும் நாக்கு, உதடு, தொண்டைன்னு கருவி ஒன்னுதானே.

சொந்த ஊர் தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, மேல ஏறினா குமுளி, கீழ திராட்சைப் பந்தல், தென்னை, நெல்லு. முல்லைப் பெரியாறு தண்ணியில 14,707 ஏக்கர் ரெண்டு போகம் விளையுற பூமி. எங்க அம்மாவோட அப்பா, எங்க வழக்கத்துல சீயான், அதுல ஒரு துண்டு நிலத்தை வைச்சுக்கிட்டு எழுபது வயசு வரைக்கும் மடை திருப்பினவர். தொண்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு நான் படிச்சு வந்து சொன்னப்ப அவர் ஒரே வரியில முடிச்சுட்டார். "ஒரு வாய்க்கா ரெண்டாப் பிரியுது, ஒன்னைத் தெறக்கும்போது இன்னொன்னை அடைக்கணும். மடைதானத்தா?" மடையேதான். பல பேருக்கு நான் இன்னைக்கும் அப்படித்தான் விளக்குறேன்.

2018 மாசி மாசம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. வலது கையும் காலும் விழுந்துருச்சு, வாய் கோணிக்கிச்சு, பேச்சு குழறுச்சு. அப்ப நான் கோர்ஸ்ல மூணாம் வருஷம். ராத்திரி பஸ் பிடிச்சு விடியக்காலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். எந்த ஆஸ்பத்திரிங்கிறது இந்தக் கதைக்குத் தேவையில்லை, ஏன்னா தப்பு பண்ணினது நான்.

சீயானுக்கு நாக்கு வறண்டு கெடந்துச்சு. கண்ணால தண்ணி கேட்டார். அம்மாச்சி என்னைப் பார்த்தாங்க, மாமா என்னைப் பார்த்தார். "நீதான இதைப் படிக்கிற, குடுக்கலாமா?" எனக்குப் பெருமையா இருந்துச்சு. சாய்வா உக்கார வைச்சேன். டீஸ்பூன்ல தண்ணி எடுத்து நாக்கு மேல விட்டேன். தொண்டையில விரல் வைச்சுப் பார்த்தேன், மேடு ஏறி இறங்குச்சு. இருமலே இல்லை. இன்னொரு ஸ்பூன், இன்னொன்னு, இருமல் இல்லை. "இறங்குது, குடுக்கலாம்"னு சொன்னேன். அம்மாச்சி அழுதுட்டாங்க. மாமா கீழ ஓடிப்போய் இளநி வாங்கிட்டு வந்தார். அன்னைக்கு ஸ்பூன் ஸ்பூனா கால் டம்ளர் போச்சு. சாயங்காலம் அவர் குரல்ல ஒரு களகளப்பு இருந்துச்சு, வாய்ல தண்ணியை வைச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி. சளி போலன்னு நினைச்சேன். மூணாம் நாள் காய்ச்சல். எக்ஸ்ரேல வலது நுரையீரல் அடிப்பக்கம் வெள்ளையா இருந்துச்சு. நிமோனியா.

இதை நான் பாட்காஸ்ட்ல சொல்லணுமான்னு ரொம்ப யோசிச்சேன். என் கையில இருந்த ஸ்பூன்தான் காரணம்னு நிரூபிக்கவும் முடியாது, காரணம் இல்லைன்னும் சொல்ல முடியாது. அவரோட எச்சிலே உள்ள இறங்கியிருக்கலாம். ஆனா "இறங்குது"ன்னு தீர்ப்பு சொன்ன வாய் என்னோடது.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு லேசா தப்பாகும்னு எனக்கு முன்னாடியே பல பேர் அளந்து வைச்சிருந்தாங்க. அமெரிக்காவுல ஜெரி லோக்மன்னு ஒருத்தங்க, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல இருந்தவங்க, எங்க துறைக்கு ஆத்தா மாதிரி. சாப்பாட்டுல பேரியம் கலந்து கொடுத்து, எக்ஸ்ரேயை வீடியோவா ஓடவிட்டு, உணவு எந்த வழியில போகுதுன்னு பார்க்கிற முறையை ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வந்தவங்க. அதுல பிஸ்கட் துண்டும் உண்டு, அதனால அதுக்கு பிஸ்கட் டெஸ்ட்னு செல்லப் பேரே இருந்துச்சு. அந்த வீடியோ வந்த பிறகுதான், நல்லா விழுங்குறாங்கன்னு நாம நினைச்ச பல பேருக்குத் தண்ணி நேரா மூச்சுக்குழாய்க்குள்ள போறதும், அவங்க அசையாம உக்காந்திருக்கிறதும் தெரிஞ்சுது. சத்தமில்லாத புரையேற்றம். ஸ்ட்ரோக்ல தசை மட்டும் இல்லை, அந்த இடத்து உணர்ச்சியும் போயிடும். காவல்காரனே தூங்கிட்டா யார் சத்தம் போடுறது?

1988-ல ஸ்ப்ளெயின்கார்டும் அவரோட குழுவும் 107 நோயாளிகளைப் பார்த்தாங்க. முதல்ல படுக்கை பக்கத்துல வைச்சு அனுபவசாலிகள் பரிசோதிச்சாங்க, அப்புறம் வீடியோ எக்ஸ்ரே. நிஜமா உள்ள போனவங்கள்ல படுக்கை பக்கத்துப் பரிசோதனை கண்டுபிடிச்சது 42 சதவீதம்தான். பாதிக்கு மேல நழுவிப் போயிருக்கு. அவங்களே அப்படின்னா மூணாம் வருஷ மாணவி எம்மாத்திரம்னு மனசைத் தேத்திக்கலாம். நான் தேத்திக்கலை.

எந்தக் கண்ணாடி போட்டுப் பார்க்கிறோம்கிறதைப் பொறுத்து நோயோட அளவே மாறுது, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு. ரோஸ்மேரி மார்ட்டினோ 2005-ல அதுவரைக்கும் வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தாங்க. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல எத்தனை பேருக்கு விழுங்குறதுல கோளாறு? சின்னதா ஒரு வடிகட்டும் டெஸ்ட் வைச்சா 37-லேர்ந்து 45 சதவீதம். தெரபிஸ்ட் முழுசாப் பரிசோதிச்சா 51-லேர்ந்து 55. கருவி வைச்சு உள்ளே பார்த்தா 64-லேர்ந்து 78. அந்தக் கோளாறு இருக்கிறவங்களுக்கு நிமோனியா வர்ற வாய்ப்பு மூணு மடங்கு. மூச்சுக்குழாய்க்குள்ளயே போறவங்களுக்குப் பதினொரு மடங்குக்கு மேல.

அப்ப எல்லாருக்கும் வீடியோ எக்ஸ்ரே எடுத்துடலாமே? அது பெரிய ஊர் சமாச்சாரம். மூக்கு வழியா மெல்லிசான கேமராவை விட்டு, கலர் கலந்த பாலைக் குடிக்கச் சொல்லி மேலேர்ந்து பார்க்கிற முறை ஒன்னு இருக்கு. சூசன் லாங்மோர் 1988-ல எழுதினது. கருவியைப் படுக்கைக்கே தூக்கிட்டு வரலாம். ஆனாலும் அதுக்குக் கருவி வேணும், பழகின கை வேணும்.

அதனாலதான் ஒரு டம்ளர் தண்ணியை வைச்சே என்ன பண்ணலாம்னு இவ்வளவு ஆராய்ச்சி. 90 மில்லி தண்ணியை நிறுத்தாம ஒரே மூச்சுல குடிக்கச் சொல்லணும். நடுவுல நிறுத்தினாலோ, இருமினாலோ, முடிச்ச பிறகு குரல் களகளத்தாலோ தேறலைன்னு அர்த்தம். இதை 3,000 பேருக்குப் பண்ணி, கேமராவோட ஒப்பிட்டு, 2008-ல சூட்டரும் லெடரும் எழுதினாங்க. உள்ள போறவங்கள்ல 96.5 சதவீதம் பேரை அது பிடிச்சுடுச்சு. ஆனா ஒன்னும் இல்லாதவங்கள்ல பாதிப் பேரையும் சேர்த்துப் பிடிச்சது. அதாவது இதுல தேறினா நம்பலாம். தேறலைன்னா அது தீர்ப்பு இல்லை, சரியாப் பாருங்கன்னு ஒரு சொல்.

மூணு வருஷம் கழிச்சு அதே லெடர் குழு இன்னொன்னு எழுதினாங்க. அதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. கொஞ்சூண்டு தண்ணி உள்ள போனா இருமாத அதே ஆள், நிறையப் போனா இருமுவார். சத்தமில்லாத புரையேற்றம் அளவைப் பொறுத்தது. ஸ்பூன்ல குடுத்தா பத்திரம்னு நாம நினைக்கிறோம்ல? அந்த ஸ்பூன்தான் இருமலை எழுப்பாம விட்டுச்சு. இந்தக் கட்டுரை 2011-ல வந்தது. சீயானுக்கு ஏழு வருஷம் முன்னாடி. என் காலேஜ் லைப்ரரி கம்ப்யூட்டர்லயே இருந்துச்சு.

இங்க ஒரு எச்சரிக்கை. கேட்டுட்டு வீட்ல போய் தாத்தாவுக்கு 90 மில்லி டெஸ்ட் வைச்சுடாதீங்க. முழு நினைவோட இருக்காரா, உக்கார முடியுதா, மூச்சு சீரா இருக்கான்னு பார்த்து, பழகினவங்க பக்கத்துல இருந்து பண்ண வேண்டியது. உங்க வேலை வேற, ரொம்ப லேசு. ஸ்ட்ரோக் வந்தவருக்கு வாய் வழியா எதையும் கொடுக்கிறதுக்கு முன்னாடி, மாத்திரை உட்பட, "விழுங்குற டெஸ்ட் பண்ணியாச்சா?"ன்னு நர்ஸ்கிட்ட ஒரு கேள்வி. ஆஸ்திரேலியாவுல 19 ஸ்ட்ரோக் பிரிவுகள்ல இதைச் சோதிச்சாங்க. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல், இந்த மூணை மட்டும் நர்ஸ்கள் ஒரு முறைப்படி கவனிக்கணும். புது மருந்து கிடையாது, மெஷின் கிடையாது. 2011 லேன்சட்ல முடிவு வந்துச்சு. 90 நாள் கழிச்சு இறந்தவங்க அல்லது அடுத்தவங்க தயவுல இருக்கிறவங்க, வழக்கமான பிரிவுகள்ல 58 சதவீதம், இந்த முறை இருந்த இடங்கள்ல 42.

சீயான் கதைக்கு வர்றேன். மூக்கு வழியா டியூப் போட்டாங்க. பத்து நாள்ல நிமோனியா அடங்குச்சு, டியூப்போடவே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். இப்ப எதிர்ப்பக்கத் தீர்ப்பு ஆரம்பிச்சுது.

பார்க்க வந்தவங்க திண்ணையில உக்காந்து ஒரே கேள்விதான் கேட்டாங்க. "வாய்ல ஏதாச்சும் இறங்குதா?" இறங்கலைன்னா முகம் மாறும். எங்க ஊர்ல அது நோயைப் பத்தின கேள்வி இல்லை. எத்தனை நாள்ங்கிற கேள்வி. ஒரு பெரியம்மா, ரொம்பப் பாசமானவங்க, அம்மாச்சி கையைப் பிடிச்சுக்கிட்டு "எதுக்கு அவரைப் போட்டு வதைக்கிறீங்க, பாலை ஊத்தி அனுப்பி வைங்க"ன்னாங்க.

சென்னைக்காரங்களுக்கு இது வெறும் சடங்கு மாதிரி கேட்கலாம். சாகப்போறவங்க வாய்ல பால் ஊத்துறது தமிழ்நாடு முழுக்க இருக்கிற வழக்கம்தான். ஆனா விருதுநகர், மதுரை, தேனி பக்கம் அதுக்கு இன்னொரு நிழல் உண்டு, தலைக்கூத்தல். படுத்த படுக்கையான முதியவங்களை வீட்டாரே வழியனுப்புறது. 'பாரம்' படம் தேசிய விருது வாங்கினப்ப நகரத்துல இதைப் பத்திக் கொஞ்சம் பேசினாங்க. அதுல பாலும் ஒரு பங்கு வகிக்குதுன்னு நாங்க எல்லாரும் கேள்விப்பட்டு வளர்ந்தவங்க. பால் என்ன செய்யும்? விழுங்க முடியாதவர் தொண்டையில ஊத்தினா அது நுரையீரலுக்குப் போகும். ஊர் அதை விதி முடிஞ்சதுன்னு சொல்லும். நான் படிச்ச புத்தகத்துல அதுக்கு வேற பேரு.

அந்தப் பெரியம்மாவை நான் கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். அவங்க ஆயுசுல பார்த்ததை வைச்சுப் பேசினாங்க. அவங்க பார்த்த காலத்துல விழுங்க முடியாதவர் பிழைச்சதில்லை, அவ்வளவுதான். ஆனா ஸ்ட்ரோக்ல அது உண்மையில்லை. முதல் நாள் விழுங்க முடியாத நிறைய பேருக்கு ஒன்னு ரெண்டு வாரத்துல தானாவே திரும்புது. சில பேருக்கு மாசக்கணக்கா ஆகும். கொஞ்சம் பேருக்குத்தான் கடைசிவரைக்கும் நிக்குது.

ஏன் திரும்புதுங்கிறதுக்கு இங்கிலாந்துல ஷாஹீன் ஹம்டி கண்டுபிடிச்சது அருமையான விஷயம். வலது கைக்கு மூளையோட இடது பக்கம்தான் எசமான். தொண்டைக்கு அப்படி இல்லை. ரெண்டு பக்கத்துலேர்ந்தும் கட்டளை வருது, ஆனா சமமா இல்லை. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம் ஓங்கியிருக்கும். வலதுகைக்காரர், இடதுகைக்காரர்ங்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. 1996-ல அவர் இதைக் காட்டினார். ஓங்கின பக்கத்துல ஸ்ட்ரோக் வந்தா விழுங்க முடியாது. அப்புறம் அடிபடாத பக்கம் கொஞ்சம் கொஞ்சமா பொறுப்பை எடுத்துக்குது. அண்ணன் விழுந்தா தம்பி குடும்பத்தைப் பார்க்கிற மாதிரி. தம்பி வேலை பழகுறதுக்குள்ள பாலை ஊத்திடக் கூடாது, எங்க போராட்டமே அதுதான்.

சரி, தம்பிக்கு வேலையை எப்படிப் பழக்குறது? இங்க ஆராய்ச்சி அவ்வளவு பெருமை அடிச்சுக்கிற நிலைமையில இல்லை. தொண்டைக்குள்ள லேசா மின்சாரம் கொடுத்து மூளையை எழுப்பலாம்னு ஹம்டி குழுவே ஆரம்பிச்சது. 162 பேரை வைச்சுப் பண்ணின பெரிய சோதனை, 2016-ல முடிவு வந்தப்ப வித்தியாசம் எதுவும் தெரியலை. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு கழுத்துல துளை போட்டு மூச்சு விடுறவங்கள்ல 2018-ல பண்ணினப்ப மட்டும் நல்லாவே வேலை செஞ்சுது. தண்ணியைக் கெட்டியாக்கிக் கொடுக்கிறது நாங்க எல்லாரும் செய்யுறது. மறதி நோய், பார்க்கின்சன் இருக்கிற 515 பேரை வைச்சு ஒரு குழு, தாடையைத் தாழ்த்தி சாதாரணத் தண்ணி குடிக்கிறதையும் கெட்டித் தண்ணியையும் ஒப்பிட்டாங்க. மூணு மாசத்துல நிமோனியா வந்த கணக்குல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. கெட்டித் தண்ணியை வெறுக்கிறவங்க குடிக்கிறதையே குறைச்சு வறண்டு போறதும் நடக்கும். நானே ஒரு நாள் முழுக்க அதைக் குடிச்சுப் பார்த்தேன். பசையைக் குடிக்கிற மாதிரி இருந்துச்சு, தாகம் தீரவே இல்லை.

எனக்கு எதிர்பாராம கிடைச்ச பதில் பல் துலக்குறது. சிரிக்காதீங்க. 1998-ல லாங்மோர் 189 முதியவர்களைப் பின்தொடர்ந்து, யாருக்கு நிமோனியா வருதுன்னு பார்த்தாங்க. விழுங்குற கோளாறு மட்டும் போதாது. அடுத்தவங்க கையால சாப்பிடுறாங்களா, அடுத்தவங்கதான் வாயைச் சுத்தம் பண்ணணுமா, சொத்தைப் பல் எத்தனை, இதெல்லாம் முன்னாடி வந்து நின்னுச்சு. உள்ள போற தண்ணியை விட அது கூட்டிட்டுப் போற கிருமிதான் வில்லன். ஜப்பான்ல 11 முதியோர் இல்லங்கள்ல பாதிப் பேருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பல்லைத் துலக்கிவிட்டாங்க. ரெண்டு வருஷத்துல நிமோனியா அவங்களுக்கு 11 சதவீதம், மத்தவங்களுக்கு 19. டியூப் போட்டிருக்கிறவருக்கு எதுக்குப் பல் துலக்கணும், அவர்தான் சாப்பிடுறதே இல்லையேன்னு கேட்பாங்க. அவருக்குத்தான் ரொம்ப அவசியம். எச்சில் ஊறிக்கிட்டுத்தானே இருக்கு?

அம்மாச்சி இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. அதுவரைக்கும் செய்ய ஒன்னும் இல்லாம தலைமாட்டுல உக்காந்து அழுத மனுஷி, காலை, மத்தியானம், ராத்திரி குட்டிப் பிள்ளைங்க பிரஷ்ஷை வைச்சுக்கிட்டு நின்னாங்க. சீயானோட வெத்தலைக் காவி அறுபது வருஷத்துல முதல் முறையாப் போச்சு.

அடுத்தது சாப்பாடு. உலகம் முழுக்க ஒரே அளவுகோல் வேணும்னு 2013-ல ஒரு குழு ஆரம்பிச்சு, சுழியத்துலேர்ந்து ஏழு வரைக்கும் எட்டு படி வைச்சாங்க. சுழியம் தண்ணி, ஏழு சாதாரணச் சாப்பாடு. இதுல அழகு என்னன்னா கருவி ஒரு சிரிஞ்சுதான். 10 மில்லி சிரிஞ்சுல ஊசியைக் கழட்டிட்டு, அடியை விரலால அடைச்சு, 10 மில்லி வரை ஊத்தி, விரலை எடுத்து 10 விநாடி ஓடவிடணும். எவ்வளவு மிச்சம் நிக்குதோ அதுதான் படி. ஒரு மில்லிக்குக் கீழ நின்னா தண்ணி. நாலு வரைக்கும் முதல் படி, எட்டு வரைக்கும் ரெண்டாவது, அதுக்கு மேல மூணாவது, சொட்டவே இல்லைன்னா நாலாவது.

அந்த அளவுகோல்ல உதாரணம் சொல்ல வெளிநாட்டுல தேனும் தயிரும் புட்டிங்கும் இருக்கு. சீயானுக்குப் புட்டிங்? அதனால அம்மாச்சி அடுப்படியில ஒரு சிரிஞ்சோட நான் உக்காந்தேன். மோர், நீராகாரம், கேப்பைக் கூழ், நொய்க்கஞ்சி. ஒரு மத்தியானத்துல எனக்கு ரெண்டு விஷயம் தெரிஞ்சுது. அடுப்புலேர்ந்து இறக்கின கூழ் ஒரு படி, ஆறினா இன்னொரு படி. அதாவது அவர் சாப்பிட ஆரம்பிக்கிறதும் முடிக்கிறதும் ஒரே சாப்பாடு இல்லை. ரெண்டாவது, கஞ்சியில எச்சில் ஸ்பூனைத் திரும்பத் திரும்ப விட்டா அது நீர்த்துப் போகும். இது நம்ம எல்லாருக்கும் தெரியும், ஏன்னு யோசிச்சிருக்க மாட்டோம். எச்சில்ல இருக்கிற அமிலேஸ் மாவை உடைச்சுடுது. கெட்டியா இருக்கேன்னு நம்பிக் கொடுத்தா கடைசி நாலு வாய் தண்ணியாப் போயிருக்கும். அன்னையிலேர்ந்து எங்க வீட்டுல எடுத்துப் போட ஒரு கரண்டி, வாய்ல வைக்க ஒரு ஸ்பூன்.

பழைய சோறுதான் அவருக்கு உயிர். அதை மட்டும் கடைசி வரைக்கும் தள்ளி வைச்சேன். சோறு ஒரு வேகத்துல வரும், தண்ணி ஒரு வேகத்துல ஓடும், ஒரே வாய்ல ரெண்டையும் சமாளிக்கிறதுதான் ஆகக் கஷ்டம். சாம்பார்ல மிதக்கிற இட்லியும் அப்படித்தான். உதிர்ற புட்டும் வேண்டாம். அப்புறம் எங்க ஊர்ப் பெருமை, புவிசார் குறியீடு வாங்கின பன்னீர் திராட்சை. அதை முழுசா விழுங்குற பெரியவங்களுக்கும் சரி, சின்னப் பிள்ளைங்களுக்கும் சரி, குரல்வளையை அப்படியே அடைக்கிற சரியான சைஸ். நீளவாக்குல நாலா வெட்டிக் கொடுங்க.

நடுவுல ஒன்னு சொல்லிடறேன். இவ்வளவு நேரம் பேசினது நரம்புக் கோளாறு, இதுல முதல்ல தகராறு பண்றது தண்ணிதான். உங்க வீட்ல யாருக்காவது தண்ணி நல்லா இறங்குது, சோறு, சப்பாத்தி நெஞ்சுல நிக்குது, வாரத்துக்கு வாரம் அது கூடுதுன்னா கதையே வேற. அது குழாய்க்குள்ள அடைப்பு. புகையிலை போடுறவங்களா இருந்தா ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாம எண்டோஸ்கோப்பி பார்க்கணும். கஞ்சிக்கு மாத்திக்கிட்டா சரியாயிடும்னு ஆறு மாசம் ஓட்டிட்டு வர்றவங்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

சீயானுக்கு நாங்க பண்ணின பயிற்சியில முக்கியமானது ரெசா ஷேக்கர் பேர்ல இருக்கிறது. மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காம தலையை மட்டும் தூக்கி, சொந்தக் கால் கட்டைவிரலைப் பார்க்கணும். ஒரு நிமிஷம் பிடிச்சு, ஒரு நிமிஷம் ஓய்வு, இப்படி மூணு தடவை. அப்புறம் முப்பது தடவை சும்மா தூக்கி இறக்கணும். ஒரு நாளைக்கு மூணு வேளை, ஆறு வாரம். தாடைக்குக் கீழ இருக்கிற தசை பலமானா குரல்வளையை மேல இழுக்கும், உணவுக்குழாய் வாய் நல்லாத் திறக்கும். கழுத்து எலும்பு கோளாறு இருக்கிறவங்க செய்யக் கூடாது. அவர் பிரஷரையும் பார்த்து, ஒரு நிமிஷத்தைப் பத்து விநாடியில ஆரம்பிச்சோம்.

முதல் வாரம் என்னைத் திட்டினார். திட்டுறது புரியலைங்கிறது ஒரு வசதி. ரெண்டாவது வாரத்துல எண்ண ஆரம்பிச்சார். நெல் அளக்கிறவங்க ஒன்னுன்னு தொடங்க மாட்டாங்க. முதல் மரக்காலை "லாபம்"னு சொல்லிட்டுத்தான் ரெண்டு, மூணுன்னு போவாங்க. அவரும் அப்படித்தான் எண்ணினார். லாபம், ரெண்டு, மூணு. முதல்ல வெறும் காத்தும் எச்சிலுமா வந்த "லாபம்" நாளாக நாளாக எழுத்து எழுத்தாப் பிரிஞ்சுது. ரெண்டு வேலையையும் ஒரே பயிற்சியில முடிச்சுட்டார் மனுஷன்.

ஒன்பதாவது வாரம் மதுரைக்குக் கூட்டிட்டுப் போய், மூக்கு வழியா கேமரா விட்டுப் பார்த்தோம். கலர் பால் சுத்தமா இறங்குச்சு. இந்தத் தடவை நான் யாருக்கும் தீர்ப்பு சொல்லலை, திரையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். டியூபை எடுத்தாங்க. அதுக்கப்புறம் ரெண்டரை வருஷத்துக்கு மேல இருந்தார். கடைசியா மாரடைப்பு, தூக்கத்துலயே போயிட்டார்.

டியூப் எடுத்த அன்னைக்கு அங்கேயே 90 மில்லி தண்ணியை அளந்து கொடுத்தாங்க. தாடையைத் தாழ்த்திக்கிட்டு, இடது கையால டம்ளரைப் பிடிச்சு, நிறுத்தாம குடிச்சார். அம்மாச்சி சேலைத் தலைப்பை வாய்ல வைச்சுக்கிட்டு நின்னாங்க. குடிச்சு முடிச்சதும் குரல் களகளக்குதான்னு கேட்கணும், அதுக்காக "ஆ சொல்லுங்க சீயான்"னேன்.

அவர் டம்ளரைக் கீழ வைச்சுட்டு என்னைப் பார்த்தார்.

"லாபம்"னார். குரல் துண்டா, தெளிவா இருந்துச்சு.